மணல் குளத்தில் மழை

கொக்கிளாயிலிருந்து வந்த பிள்ளை பிறின்சி எங்கள் ஜெயபுரத்துப் பொதுமண்டபத்துக்குக் கொண்டுவந்த கணினியில் தட்டுவதற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. கட்டில் அளவில் ஒரு பெட்டி, அது நிறைய மணல், மேலே ஒரு கமெராவும் புரொஜெக்டரும். ஊரின் மேடு பள்ளத்தை அளந்து, குளம், குளக்கட்டு, வயல் எல்லாவற்றையும் மணலில் அப்படியே செய்திருந்தாள். கட்டு உடைந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று காட்டத்தான் வந்திருந்தாள். வெளியே மழை விட்டபாடில்லை. உண்மைக் குளமும் தளும்பிக்கொண்டிருந்தது.

"கையை விரிச்சு மேலே பிடியுங்கோ ஐயா, மழை பெய்யும்."

பிடித்தேன். உள்ளங்கைக்குக் கீழே மணலில் நீல வெளிச்சமாய் மழை கொட்டியது! ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய கை இது. இந்திரனைப் பென்சனில் அனுப்பிவிட்டு அவன் கதிரையில் என்னை ஏற்றிவிட்டார்கள் போலிருந்தது.

"தில்லைநாதன் அண்ணை, காணும், நிப்பாட்டுங்கோ! நெல்லு அழுகப்போகுது!" என்று வயல்காரன் சதீஸ் கத்தினான். நானா கையை எடுப்பேன்?

என் மனைவி விமலேஸ்வரி கட்டுக்குக் கீழே ஒரு நெருப்புப்பெட்டியை வைத்து, "இது எங்கட வீடு" என்றாள். மகள் கஜனி, பிறந்து மாதம் ஆகாத குழந்தையோடு அந்த வீட்டில்தான் தனியே இருந்தாள்.

"பிள்ளையார் இல்லாத கட்டும் ஒரு கட்டோ?" என்று விமலேஸ்வரி ஒரு கூழாங்கல்லைக் கட்டின் மேல் அழுத்தி வைத்தாள்.

அழுத்திய இடத்தில் மணல் சரிந்தது. நீலம் உடைத்துக்கொண்டு நேரே நெருப்புப்பெட்டியை நோக்கிப் பாய்ந்தது.

"ஐயோ, பிள்ளையாரே!" விமலேஸ்வரி கல்லுக்கு மேலே இரண்டு கையையும் நீட்டிக் கும்பிட்டாள். மழை இரட்டித்தது. பயந்துபோன மற்றப் பெண்களும் கையை நீட்டினார்கள். ஏழு கடலும் அந்தப் பெட்டிக்குள் இறங்கியது.

"கையை இறக்குங்கோ அம்மா! கையைக் கண்டால் அது மழை எண்டு நினைக்குது!"

"வெள்ளம் வருகுது பிள்ளை, கும்பிடாமல் என்ன செய்யிறது?"

நெருப்புப்பெட்டி முழுதும் நீலமானது. பிறின்சி வயரைப் பிடுங்கினாள். வெறும் மணல். ஆனாலும் எவரும் சிரிக்கவில்லை.

"சும்மா விளையாட்டுத்தானே, பிள்ளை?" என்று கேட்டேன்.

"மழைதான் விளையாட்டு ஐயா. பள்ளம் உண்மை. கட்டு உடைஞ்சால் முதல் போறது அந்த வீடு."

கஜனிக்கு அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

நானும் விமலேஸ்வரியும் சதீஸின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏறினோம். ஆமையைவிட மெதுவாகப் போகிற அந்த வாகனம் அன்று ரொக்கெற்றாய்ப் பறந்தது. குளக்கட்டில் தண்ணீர் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. கட்டின் மேலிருந்த பிள்ளையாரைத் தாண்டும்போது விமலேஸ்வரி கும்பிடவில்லை. கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

வீட்டு முற்றத்தில் முழங்கால் தண்ணீர். கஜனி அதற்குள் இறங்கி வந்து, துவாயில் சுற்றிய குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள்.

"அம்மா, பிடியுங்கோ!"

விமலேஸ்வரி அசையவில்லை. "நான் கையை நீட்டினால் மழை கூடுமடி..."

"விசர்க்கதை கதையாதை விமலா, பிள்ளையை வாங்கு!" என்று கத்தினேன். ஆனால் என் கைகளும் பெட்டி விளிம்பை விட்டு வரவில்லை.

"அம்மா, எனக்குக் கால் வழுக்குது!"

விமலேஸ்வரி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள். அந்தக் கணமே வானம் கவிழ்ந்தது. கூரைத் தகரம் அலறியது. அவள் கையை இழுக்கவில்லை. குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் கஜனியை இழுத்து ஏற்றினாள்.

"மேட்டுக்கு ஓட்டடா சதீஸ்!" என்று கத்தினாள்.