இரவல் வலை

தீவனக் கொட்டகைக்குத் தம்பி பூட்டுப் போட்ட அன்றே அக்காவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இறால் பண்ணை அவள் பெயரில் இருக்கிறது. குளம் வெட்டியது அவள், தண்ணீருக்குக் காற்றூட்டுகிற ஏரேட்டர் வாங்கிப் போட்டது அவள். கொட்டகைக்குள் நுழைய மட்டும் அவளுக்கு அனுமதி இல்லையாம். என்ன கூத்து இது?

"உள்ள அப்படி என்னடா ரகசியம்?"

"கடற்பாசிக்கா. கொதிக்க வச்சு, சாறு எடுத்து, தீவனத்துல பிசையறேன். இறாலுக்கு நோயை எதிர்க்கிற தெம்பு வரும். ஆளாளுக்கு வந்து கை வச்சா அளவு கெட்டுப்போகும்."

பாசியாம், தெம்பாம். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். இவன் கோழிப்பண்ணை நடத்திய காலத்தில் "மூலிகைத் தண்ணி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ஆன்டிபயாடிக் கலந்து ஊற்றியவன். அது கோழியோடு போயிற்று. இறால் அப்படியா? கப்பலேறுகிற சரக்கு. வாங்குகிற கம்பெனி சோதித்துப் பார்த்துத்தான் எடுக்கும். ஒருதரம் மருந்து பிடிபட்டால் அப்புறம் அந்தப் பண்ணைப் பக்கம் எவனும் தலைவைத்துப் படுக்கமாட்டான். அவள் பண்ணை அத்தோடு சரி.

இறாலோ கொழுகொழுவென்று வளர்ந்தது. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது. சுற்றுவட்டாரத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாகச் செத்துக்கொண்டிருக்க, இவர்கள் குளத்தில் ஒன்றுகூடச் செத்துக் கரை ஒதுங்கவில்லை. இவன் பாட்டுக்கு வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, நோய் காலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று ப்ளீச்சிங் தண்ணீரில் காலை முக்கச் சொன்னான். சொந்த அக்காவையும் விடவில்லை. ஆட்களைக் கிட்டே அண்டவிடாமல் இருக்க இது ஒரு சாக்கு என்று அவள் பல்லைக் கடித்தாள்.

பக்கத்துக் குளத்துக்காரர் வேறு கரையோரம் நின்று தூபம் போட்டார். "பாசி தின்னா இறால் இப்படி மினுக்குமா தங்கச்சி? நான் ஒண்ணும் சொல்லல. உன் தம்பி நல்ல பையன்தான்."

ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற மனுஷர்.

ஒருநாள் மத்தியானம் தம்பி பாசி வாங்கப் போனான். இதுதான் சமயம். நாலு இறாலைப் பிடித்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். ஆனால் வீச்சு வலை கொட்டகைக்குள் அல்லவா இருந்தது!

"வலைதானே, என்னோடத எடுத்துக்க," என்றார் பக்கத்துக் குளத்துக்காரர், கேட்ட மாத்திரத்தில். வலை இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கூடப்பிறந்தவனைவிட இவர் எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டே அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தன் குளத்தில் வீசினாள்.

முடிவு வரும்வரை தம்பியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். தீவனத்தைக் கள்ளத்தனமாக முகர்ந்தும் பார்த்தாள். கடல் வாடைதான் அடித்தது. மருந்து வாடையை மறைக்கத்தான் பாசியே என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டாள்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு காலையில் போன் வந்தது.

"சுத்தமா இருக்கு மேடம். எந்த மருந்தும் இல்ல."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தம்பியைத் தேடிக் குளத்துக்குப் போனாள். அவன் கரையில் குந்தியிருந்தான். உள்ளங்கையில் ஒரு இறால். ஓடு முழுக்க வெள்ளைப்புள்ளி.

"வந்துடுச்சுக்கா," என்றான். "பக்கத்துக் குளத்துல எப்பவோ வந்திருக்கு. மனுஷன் மூச்சு விடல. ஆனா அங்கேர்ந்து ஒரு சொட்டு தண்ணிகூட இங்க வரலியே. காக்கா இறங்கக் கூடாதுன்னு மேல நூல்கூடக் கட்டினேன்." எழுந்தான். "பாசி என்னை ஏமாத்திடுச்சு. இருக்கிறதை இன்னைக்கே பிடிச்சுக் கொடுத்துடலாம். சாறையெல்லாம் கொட்டிடறேன். இனிமே அந்தப் பேச்சே வேணாம்."

ஈரம் சொட்டிய வலை அவள் கண்முன் வந்து நின்றது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பக்கத்துக் குளத்துக்காரர் சாகும்வரை சொல்லமாட்டார். பழி பாசியோடு போய்விடும். தம்பி சாறு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தான், முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை.

"கொட்டாதடா. நான்தான் அவரு வலையை வாங்கி நம்ம குளத்துல வீசினேன். நீ மருந்து கலக்கறேன்னு நினைச்சு சோதிக்கக் கொடுத்தேன்."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"இல்லேன்னு சொன்னாங்களா?"

"சுத்தமா இருக்குன்னு சொன்னாங்க."

"அப்போ பாசி மேல தப்பில்ல?"

"இல்லடா."

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"என்னையே கேட்டிருக்கலாம்க்கா. போய் வலையை எடுத்துட்டு வா. இருக்கிறதைப் பிடிப்போம்."

அவள் பூட்டைத் திறந்தாள். உள்ளே பாசி மூட்டைகளும் ஒரு பெரிய அண்டாவும் இருந்தன. சுவரில், கழுவிக் காயவைத்த வீச்சு வலை தொங்கிக்கொண்டிருந்தது.