முன்னூற்று எண்பத்தாறு பன்

எங்கள் பேக்கரிக்கும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான். அந்த ஒரு தெருவில் போன மாதம் மூன்று வரிச்சாவடி போட்டார்கள். வரிசையில் வருகிற ஒவ்வொருவரிடமும், கையில் இருக்கிற தின்பண்டத்தில் சரிபாதியை எடுத்துக்கொள்வார்கள். எடுத்த பிறகு, போனால் போகிறதென்று ஒன்றைத் திருப்பித் தருவார்கள். இந்தச் சட்டத்தை எழுதியவருக்குத் தான் கணக்கில் புலி என்ற நினைப்பு இருந்திருக்க வேண்டும். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

கேன்டீன் அம்மாவுக்குத் தினமும் காலையில் ஐம்பது பன் போக வேண்டும். அந்த ஆர்டர் போனால் பேக்கரியை மூட வேண்டியதுதான். மூடினால் நான் மச்சானின் பெயிண்ட் கடையில் டப்பா குலுக்கப் போக வேண்டும். மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஒருமுறை பச்சை பெயிண்ட் கலந்த கதையைப் பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைத் தினமும் கேட்பதற்குப் பதில் டப்பாவுக்குள் நானே குதித்துவிடலாம்.

முதல் நாள் ஐம்பது பன்னோடு போனேன். முதல் சாவடிக்காரருக்குத் தெருவில் ‘பாதி’ என்றே பெயர். இருபத்தைந்தை எடுத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்தார். இருபத்தாறு. அடுத்த சாவடியில் அது பதினான்கானது, மூன்றாவதில் எட்டானது.

கேன்டீன் அம்மா தட்டைப் பார்த்தார். “மீதி எங்க?”

“வழியில இருக்கும்மா.”

“நாளைக்கும் இப்படின்னா நான் வேற கடை பாத்துக்கறேன்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி மாவுப்பையின் மேல் பென்சிலால் கணக்குப் போட்டாள். “அம்பது போய்ச் சேரணும்னா மூணாவது சாவடிக்கு தொண்ணூத்தெட்டு வரணும். அதுக்கு ரெண்டாவதுல நூத்தித் தொண்ணூத்தி நாலு. மொதல்ல முன்னூத்தி எண்பத்தாறு.”

“நம்ம அடுப்புல ஒரு தடவைக்கு அறுபதுதான் வேகும்.”

“தெரியும். ஏழு தடவை ஏத்தணும். விடியறதுக்குள்ள நம்ம ரெண்டு பேரால ஆகாது.” கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். “ஏங்க, ரெண்டே ரெண்டு பன் கொண்டு போனா?”

“ஒண்ணு எடுப்பாரு.”

“அப்புறம்?”

“ஒண்ணு குடுப்பாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

மறுநாள் காலை எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் இருபத்தைந்து பேர் ஆளுக்கு இரண்டு பன்னோடு வரிசையில் நின்றார்கள். பல் டாக்டர் வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். இருபத்தாறாவது ஆளான எனக்குப் பன் மிச்சமில்லை.

“நீங்க சும்மா வாங்க,” என்றாள் மனைவி. “அது உங்களுக்கு நல்லா வரும்.”

பாதி ஒன்றை எடுத்தார், ஒன்றைக் கொடுத்தார், ரசீது எழுதினார். பத்தாவது ஆளுக்கு மேல் எடுத்த பன்னையே திருப்பிக் கொடுத்தார். “இத எதுக்குப் பண்றோம்?” என்று வரிசையில் அடுத்து நின்ற தையற்காரரிடம் கேட்டார்.

“நீங்கதான் சார் சொல்லணும்,” என்றார் தையற்காரர்.

கடைசியில் நான். வெறுங்கையோடு போகிறவர்கள் ஓரமாகப் போய்விடுவது வழக்கம். வெறுங்கையோடு வரிசையில் வந்து நின்ற முதல் ஆள் நான்தான்.

“கையில என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“அதுல பாதி?”

“அதுவும் ஒண்ணுமில்லதான் சார்.”

பாதி சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “எடுத்தாச்சு,” என்று பெருமூச்சு விட்டார். “இப்ப ஒண்ணு குடுக்கணும்.” பெட்டியிலிருந்து ஒரு பன் எடுத்துத் தந்தார். நேற்று என்னிடம் பிடுங்கியதுதான், கொஞ்சம் காய்ந்திருந்தது. இரண்டாவது சாவடியில் அதைக் கத்தியால் பாதியாக்கி எடுத்துக்கொண்டு, முழுசாக ஒன்று கொடுத்தார்கள். மூன்றாவதைத் தாண்டியபோது என் கையில் ஒன்றே முக்கால் பன் இருந்தது.

கேன்டீன் அம்மா ஐம்பதையும் எண்ணி வாங்கிக்கொண்டு, ஆர்டர் எங்களுக்கே என்றார். என் மனைவி அந்த ஒன்றே முக்காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விஷயம் பரவாமல் இருக்குமா? மறுநாள் ஊரே வெறுங்கையோடு வரிசையில் நின்றது. மூன்றே நாளில் சாவடிப் பெட்டிகள் காலி.

நான்காம் நாள் பாதி எங்கள் கடைக்கு வந்தார். “அம்மா, ஜனங்களுக்குக் குடுக்கப் பன் இல்ல. எங்க ஆபீசுக்கு அம்பது வேணும். அங்கருந்துதான் பெட்டிகளுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க.”

ஆபீஸ் மூன்றாவது சாவடிக்கு அந்தப் பக்கம். அவர் தட்டோடு போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவருடைய சாவடியிலேயே அன்று வேறு ஆள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

எட்டு பன்தான் போய்ச் சேர்ந்ததாம். சாயங்காலமே திரும்பி வந்தார். “அம்பது சேரணும்னா எத்தன வாங்கணும்மா?”

ஆளுக்கு இரண்டு என்ற ரகசியத்தை மனைவி சொல்லவில்லை. அவரே இருபத்தைந்து ரசீது எழுதியும் பிடிபடாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்? மாவுப்பையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். “முன்னூத்தி எண்பத்தாறு. தினமும்னா தினமும் போட்டுத் தரேன்.”

நான் சந்தோஷத்தில் மிதந்தேன். கடை பிழைத்தது, பெயிண்ட் டப்பாவிலிருந்து நானும் பிழைத்தேன்.

“ஆனா இதுக்கு மட்டுமே ஏழு தடவை அடுப்பு ஏத்தணுமே,” என்றாள் மனைவி, போனை எடுத்தபடி. “கூட ஒரு ஆள் வேணும். அண்ணனக் கூப்பிடறேன்.”

மச்சான் பெயிண்ட் கடையைப் பூட்டிவிட்டு மறுநாளே வந்துவிட்டார். மாவில் கை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, ஒரு தடவ பச்ச பெயிண்ட் கலந்தேன் பாருங்க...”