ஊவே தொரையின் வாசக்கூட்டி வாரம்

இனி ஞாயிற்றுக்கிழமையில் பீலிக்கு யாரும் வரக்கூடாது என்று லயத்து ஆட்களுக்குச் சொல்லும்படி ஜாபிர் நானா என்னிடம் சொன்னபோது, நான் அவருடைய விடுதியில் குளியலறை கழுவிக்கொண்டிருந்தேன்.

பீலி என்பது மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் இறங்கிக் கொட்டுகிற இடம். அடியில் துவைக்கிற கல், பக்கத்தில் அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கான். அப்புத்தளைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அது ஒன்றுதான். குழாய் இருக்கிறது, தண்ணீர் வந்தால்தானே. பீலி இருக்கும் துண்டுக் காணியை ஜாபிர் நானா வாங்கி, மேலே விடுதி கட்டி, கேட்டும் போட்டார். ஆனால் கேட்டை யாருக்கும் பூட்டியதில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மூட்டையோடு போய்ப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, துணியை அடித்துத் துவைத்து, ஊர்க்கதை பேசி வருவோம்.

"பீலிக்கு என்ன நானா வந்துச்சு?" என்றேன்.

"பீலிக்கு ஒண்ணும் வரல்ல. மேல் ரூம்ல இருக்கிற ஜெர்மன்காரர் ஊவேக்குத்தான். ஞாயித்துக்கிழமை துணி அடிக்கிற சத்தம் மண்டைக்குள்ள கேக்குதாம். கிழமைக்கு ஒரு நாளாவது அமைதி வேணுமாம். நீண்ட நாளைக்கு ரூம் எடுத்த மனுஷன், தங்கச்சி. அவரும் போனா இந்த மழையில எனக்கு யாரு வருவா?"

"மத்த நாளெல்லாம் நாங்க மலையில நிக்கிறோம். எங்களுக்கும் அந்த ஒரு நாளுதான்."

"மத்த நாள்ல விடியமுன்ன வந்து துவைங்களேன்."

"விடியமுன்ன வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கவா, பீலிக்கு வரவா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "நான் கேட்டைப் பூட்டத்தான் போறேன். நீ செல்லிட்டா சண்டை வராது. உனக்கு ஜெர்மன்காரங்கட பாஷையும் தெரியும், பழக்கமும் தெரியும்."

பழக்கம் தெரியும் என்றார். தெரியும். எலும்புவரை தெரியும்.

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன டவுனில் நானும் என் வீட்டுக்காரர் விஜேந்திரனும் சில வருஷம் பிழைத்தோம். அவர் முன்னாலேயே போய் விசா எடுத்து ஒரு ரெஸ்டூரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பிறகு வந்து என்னைக் கட்டிக் கூட்டிப்போனார். மாடிக் கட்டடத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. நேர் கீழே ஹெட்டிங்கர் என்றொரு கிழவி.

போன புதிதில் ஒரு நாள் காலை கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் ஏதோ எழுத்து, கீழே ஒரு விளக்குமாறு படம். எழுத்து எனக்குத் தெரியாது. விளக்குமாறு தெரியும். தோட்டத்தில் லயத்து வாசலையும் கானையும் கூட்டி அள்ள ஓர் ஆள் வைத்திருப்பார்கள். வாசக்கூட்டி என்போம். வாசக்கூட்டிக்குத் தேத்தண்ணி தனிக் கோப்பையில்தான். கூப்பிடுகிற குரலே வேறு, நாயைக் கூப்பிடுகிறதற்கும் அதற்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். இந்தக் கட்டடத்துக்கு நான்தான் வாசக்கூட்டி என்று பெயர் போட்டுவிட்டார்கள், கறுப்பியைக் கண்டதும் விளக்குமாற்றைக் காட்டிவிட்டார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்க் கிழவியின் கதவில் மாட்டினேன். மத்தியானம் அது திரும்ப என் கதவில். நான் மறுபடி கொண்டுபோய் மாட்டினேன். கிழவி மறுபடி கொண்டுவந்தாள். ஒரு வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் பலகையைச் சுமந்தோம். படிக்கட்டில் குப்பை சேர்ந்தது.

கடைசியில் விஜேந்திரன்தான் சொன்னார். "அடியே, அது எல்லாருக்கும் வர்ற முறை. ஒரு வாரம் நம்ம வீடு, அடுத்த வாரம் அவ வீடு, அப்புறம் எதிர்வீடு. கூட்டித் துடைச்சிட்டுப் பலகையை மாத்தணும். டாக்டரா இருந்தாலும் கூட்டணும்."

சரி என்று கூட்டினேன். துடைத்தேன். கிழவி வந்தாள். படிக்கட்டுக் கைப்பிடியின் அடிப்பக்கம் ஒரு விரலை வைத்து இழுத்து, விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, "டஸ் கேட் நிஷ்ட்" என்றாள். அது ஆகாது என்று அர்த்தம். ஏன் என்று கேட்டால் "பை உன்ஸ் இஸ்ட் டஸ் ஸோ" என்பாள். எங்களிடத்தில் இப்படித்தான். எதிர்வீட்டுக்காரன் முறையில் அவன் படியில் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போவான். அங்கே அவள் விரல் போனதேயில்லை.

அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் குற்றம். கருவாடு பொரித்தால் படிக்கட்டு நாறுகிறது. பனி கொட்டுகிற நாளிலும் ஜன்னலைத் திறந்து காற்று மாற்றாவிட்டால் சுவர் பழுதாகிறது. விஜேந்திரன் வேலை முடிந்து வந்து குளித்தால் தண்ணீர்ச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைத் தெருவிலிருந்த தொட்டியில் போட்டேன், அடுத்த தெருவிலிருந்து ஒருத்தன் வந்து, ஞாயிற்றுக்கிழமை சத்தம் ஆகாது என்று ஏசினான். ஒருநாள் என் கதவடியில் குப்பைப் பை ஒன்று கிடந்தது. யாரோ தப்பான தொட்டியில் போட்டதாம், எங்களுடையதாம். உள்ளே மாட்டெலும்பு. மாட்டிறைச்சியை எங்கள் வீட்டுக்குள்ளேயே விடாத என்னிடம் மாட்டெலும்பைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் அடித்தது. அந்த ஊரில் வெயில் வருவதே பெரிய காரியம். பல்கனியில் துணி காயப்போட்டேன். கிழவி மேலே ஏறி வந்து, ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடக்கூடாது என்றாள். "துணிக்கு என்ன ஞாயிறு, திங்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வரவில்லை. நேரே வீட்டுச் சொந்தக்காரனிடம் போனாள். அவன் எங்களைக் காலி செய்யச் சொன்னான். ஒரு வீட்டிலிருந்து முறைப்பாட்டோடு இறங்கியவனுக்கு, அதிலும் நிறம் கறுப்பானவனுக்கு, இன்னொரு வீடு எங்கே கிடைக்கும்? அந்தக் குளிர்கால மாரியை ரெஸ்டூரண்டின் நிலவறையில் கழித்தோம். சுவரில் தண்ணீர் வழியும். விஜேந்திரனுக்கு நெஞ்சில் சளி கட்டி இறங்கவே இல்லை. ஊர் திரும்பினோம். இன்றும் அவரால் ஒரு மேடு ஏறி வேலை செய்ய முடியாது. காலையில் நான் கொழுந்து எடுக்கிறேன், பின்னேரம் ஜாபிர் நானாவிடம் கூட்டிக் கழுவுகிறேன். வாசக்கூட்டிதான், வேறென்ன.

லயத்தில் போய் விஷயத்தைச் சொன்னேன். ரெங்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவன் பேரு என்னான்னே?" என்று கேட்டாள்.

"ஊவே."

"பேருலயே நம்ம ஊவா மாகாணத்த வச்சிருக்கான். பீலிய மட்டும் விட்டுடுவானா? ஏண்டி, நீதானே அவன் பாஷை பேசுற. பேசி வாங்கு."

"பேசினா நடக்காது. அவங்களுக்கு எழுதித் தொங்கவிடணும்."

எழுத்து எனக்கு அந்த நாட்டில் போட்ட வகுப்பில்தான் வந்தது. முதலில் அவர்கள் எழுத்து, ஊருக்கு வந்த பிறகுதான் நம் எழுத்து. பழைய பலகைத் துண்டு ஒன்றில் கறுப்புப் பெயின்டால், கிழவியின் பலகையில் இருந்த, 'கூட்டுகிற வாரம்' என்று அர்த்தமாகும் அந்தச் சொல்லை எழுதினேன். கீழே ஒரு விளக்குமாறு வரைந்தேன். கயிறு கட்டித் திங்கட்கிழமை ஊவேயின் கதவில் மாட்டினேன்.

பின்னேரம் வேலைக்குப் போனபோது அவன் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நீட்டுக்கால், நரைத்த தலை, மூக்கில் வெயில் பட்டு உரிந்த தோல்.

"இது இங்கேயுமா?" என்று ஜெர்மனில் கேட்டான்.

"தெரியுமா உங்களுக்கு?"

"என் அம்மா வீட்டில் இருந்தது. நான் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஆள்தான்."

அந்தப் பக்கத்து ஆள் என்றதும் எனக்குப் பல் கூசியது. "பீலித் தண்ணி எடுக்கிற எல்லாருக்கும் முறை உண்டு. உங்க டாங்கிக்கு வர்றதும் அதே தண்ணிதான். இந்த வாரம் நீங்க."

"நான் வாடகை கொடுக்கிறேனே."

"நாங்களும் கொடுத்தோம்" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. ஜாபிர் நானாவிடம் போய் இங்கிலீஷில் ஏதோ கேட்டான். நானாவுக்குப் பாதிதான் புரியும். விருந்தாளி எதையோ சுத்தம் செய்ய ஆசைப்படுகிறார் என்று நினைத்து, "யெஸ் யெஸ், வெரி குட்" என்றார். முடிந்தது. ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த ஊர்க்காரனால் அதைத் தாண்டி நடக்க முடியாது. விளக்குமாற்றையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கினான்.

மலையால் இறங்கி வந்த பெண்கள் கூடையை முதுகில் வைத்துக்கொண்டே கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். கானில் சவர்க்கார நுரை, மயிர்ச்சுருள், தேயிலைச் சக்கை, வெற்றிலை எச்சில், எல்லாம் ஊறிக் கிடந்தது. அவன் அள்ளினான்.

"தொரை கான் அள்ளுறான்டி" என்றாள் ரெங்கம்மா. "எங்க தாத்தன் இருந்து பாத்திருக்கணும். தொரை வர்றான்னா கானுக்குள்ள எறங்கி நின்னவரு அவரு."

"மெதுவா பேசு."

"அவனுக்கு என்னா புரியப்போவுது? தொரைக்கு அரைநாள் கூலிதான், அரைப்பேரு போடுங்கடி, வேலை பத்தாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவன் சீட்டியடித்தான். கூனிக் குறுகுவான், முகம் சிவப்பான், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். அவன் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தன் தாய்வீட்டு வாசலைக் கூட்டுகிற மாதிரி சந்தோஷமாகக் கூட்டினான். கான் பளிச்சென்று ஆகிவிட்டது. அதற்காகவா நான் பலகை எழுதினேன்?

கேட்டுக்குள் போனேன். துவைக்கிற கல்லின் அடிப்பக்கம் விரலை வைத்து இழுத்தேன். பாசி வந்தது. விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"டஸ் கேட் நிஷ்ட்."

சீட்டி நின்றது. மறுநாள் கல்லைப் புரட்டித் தேய்த்தான். நான் போய்க் கானின் மூலையில் விரல் வைத்தேன். அதற்கு மறுநாள் மழையில் நனைந்துகொண்டு மூலையைச் சுரண்டினான். நான் கல்லையே மறுபடி பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டாத விரலைத்தான் நீட்டினேன், அதே சொல்லைச் சொன்னேன். அவன் விரலையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தான். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

சனிக்கிழமை அவன் பலகையைக் கழற்றி, "அடுத்து யார்?" என்றான்.

"அப்படி மாத்த முடியாது. நாளைக்கு எல்லா வீட்டு ஆட்களும் வந்து பாப்பாங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் உங்க வாரம் முடியும். கேட்டு தொறந்திருக்கணும்."

"ஞாயிற்றுக்கிழமையா?"

"எங்களுக்கு அன்னைக்குத்தான் லீவு."

காலையில் ஜாபிர் நானாவிடம் சாவியை வாங்கி, பூட்டை அவனே திறந்தான். வெளியே பெண்கள் மூட்டையோடு நின்றார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து, கல்லில் விரலை இழுத்து, அவன் முகத்துக்கு நேரே காட்டி, "டஸ் கேட் நிஷ்ட்" என்றார்கள். ரெங்கம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. "தசை கேட்டு நிக்குது" என்றாள். பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு மூட்டையை அவிழ்த்தார்கள். மலைச் சேறு அப்பிய துணி, சாக்கு, பிள்ளைகளின் மூத்திரத் துணி எல்லாம் கல்லில் விழுந்தது. அடித்தார்கள். மலை திருப்பிச் சத்தம் கொடுத்தது. அவன் ஒரு வாரம் தேய்த்த கானில் செம்மண் தண்ணீர் நிறைந்து ஓடியது.

"அவங்க போனதும் மறுபடி அள்ளிக் கழுவுங்க" என்றேன். "உங்க வாரம் இன்னும் முடியல்ல."

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கன்னம் சிவந்து காதுவரை ஏறியது. எல்லாப் பெண்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். குரல் தாழ்ந்துவிட்டது.

"ஏன்? நான் உங்களுக்கு என்ன செய்தேன்?"

எத்தனையோ வருஷமாக நாக்கில் வைத்திருந்ததைச் சொன்னேன். "பை உன்ஸ் இஸ்ட் டஸ் ஸோ."

அவன் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு மேலே போனான். அடுத்த ரயிலுக்கே பெட்டி கட்டிவிட்டான். ஜாபிர் நானா என்னைக் கூப்பிட்டு ஏசவில்லை. "இனி வராத ஜீவராணி" என்று மட்டும் சொன்னார். சாவியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "யாருக்காகப் பூட்ட? அவர்தான் போயிட்டாரே" என்று பூட்டை மேசை லாச்சிக்குள் போட்டார்.

வீட்டில் விஜேந்திரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லயம் முழுக்கக் கதை பரவி அவருக்கும் வந்துவிட்டது.

"அந்த மனுஷன் வேற ஆளு, ஜீவா. ஹெட்டிங்கர் செஞ்சதுக்கு அவன் என்னா பண்ணுவான்?"

"யாரோ போட்ட மாட்டெலும்ப நம்ம வாசல்ல கொண்டாந்து வச்சப்போ, நாம வேற ஆளுன்னு பாத்தாங்களா?"

"இருந்த வேலையும் போச்சே."

"போகட்டும். பீலி இருக்கு."

அவர் சுவரை விட்டு நிமிர்ந்தார். "ஊருக்குப் போய், இந்தச் சனங்களோட மனுஷன் பொழைக்க முடியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லப்போறான்."

"சொல்லட்டும். நானும் இங்க வந்து எத்தன வருஷமா அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவர் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சைத் தடவிவிட்டேன். இருமல் நின்றதும் அவர் போட்டிருந்த சட்டையைக் கழற்றச் சொன்னேன். பீலியில் துவைக்கிற கல்லை ரெங்கம்மா பிடிப்பதற்குள் போகவேண்டும்.