வராந்தாவில் வைத்த பூஜ்யம்

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு கடையில் பணம் கட்டினால், ஓடுகிற மெஷினும் பைண்டு போட்ட ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிடும். ஊரோடு ஒத்து வாழ் என்று எல்லாரும் வாங்கினார்கள். ஜெனிஷாவுக்கு மட்டும் பிடிவாதம். கூட்டாளி நிலவனையும் வாங்க விடவில்லை.

"நம்ம வூட்டுக்கு ஆவுற மாதிரி நாமளே செய்வோம்டா. தூசி வந்தா மெஷினு கத்தணும், எங்கம்மா ஓடியாந்து காயுற துணிய எடுக்கணும். அவ்ளோதான்."

"கத்தலன்னா? கம்பெனி ஆர்டர கையில வச்சிகினு இருக்கேன். இதுல போச்சின்னா வேலையும் போச்சி."

வடக்குத்து என்ற ஊரில் அவள் வீடு, நிலக்கரி லாரிகள் போகும் சாலையை ஒட்டி இருந்தது. காற்றில் தூசி ஏறினால் எண் ஏறிக் கத்துகிற ஒரு சின்னப் பெட்டியைச் செய்தார்கள். லாரி இல்லாத நேரமாகப் பார்த்து, வராந்தாக் காற்றையே தூசியில்லாத அளவாகக் கொண்டு அதற்குப் பூஜ்யம் வைத்தார்கள். பிறகு லாரி வந்தபோதெல்லாம் அது கத்தியது. அம்மா மரியசெல்வி துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வைவா அன்று, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சிங்காரவேல் பெட்டியின் முன் டஸ்டரைத் தட்டினார். சாக்பீஸ் தூள் பறந்தது. பெட்டி வாயே திறக்கவில்லை. பக்கத்து மேசைகளில் கடைச் சரக்குகள் சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நிலவன் அவளைப் பார்வையாலேயே கொன்றான்.

"கடையில வாங்கியிருந்தா ஓடியிருக்குமேம்மா," என்றார் சிங்காரவேல். அவருக்குத் தெரியாத கடையா?

ஜெனிஷா ஒயர்களை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. எண்ணைப் பார்த்தாள்.

"மைனஸ் காட்டுது சார்."

"பூஜ்யம் எங்க வச்சீங்க?"

"எங்க வூட்டு வராந்தாவுல சார். தூசி இல்லாதப்ப."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அங்கே தூசி இல்லாத நேரம் என்று ஒன்று இல்லை. இந்த அறையின் காற்று அதைவிடச் சுத்தம். பெட்டியின் திருகைத் திருப்பி, இங்கேயே புதிதாகப் பூஜ்யம் வைத்தாள். டஸ்டரைத் தட்டியதும் பெட்டி அலறியது. சிங்காரவேல் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார். நிலவனுக்குப் போன உயிர் வந்தது.

மாலையில் அதை வராந்தாவில் வைத்து ஸ்விட்சைப் போட்டாள். சாலையில் ஒரு லாரியும் இல்லை. பெட்டி கத்தியது, நிறுத்தவே இல்லை.

"என்னாடி, பரிச்சையில கெடுத்துட்டாங்களா?"

"இல்லம்மா. இப்பதான் சரியா இருக்குது."

மரியசெல்விக்குப் புரியவில்லை. காதைக் குடைகிறது என்று அதை அணைத்துவிட்டு, கொடியிலிருந்த துணிகளை உதறி மடிக்க ஆரம்பித்தாள். பாஸான சந்தோஷம் ஜெனிஷாவிடம் துளியும் இல்லை. மூச்சை இழுக்கவே பயமாக இருந்தது.