குண்டூசி வாசித்த பக்கம்

என் இளைய மகள் ஜன்னலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து, கழுதையொன்று தபால்காரராகும் கதையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். குரலில் ஏற்ற இறக்கம், நாய் குரைக்கும் இடத்தில் ஒரு குரைப்பு, கழுதை பெருமூச்சு விடும் இடத்தில் ஒரு பெருமூச்சு. நான் மேசையில் என் வேலையைப் பார்த்தபடி பாதிக் காதில் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடநூல் அச்சகம் ஒன்றுக்குப் பிழை திருத்துவது என் தொழில். கட்டுக்கட்டாகத் தாள்கள் வீட்டுக்கு வரும், சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்புவேன். ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தாலும் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும் எனக்கு. நிமிர்ந்து பார்த்தது தற்செயல்தான். அவள் பக்கத்தைப் புரட்டியபோது ஈரம் பட்டுக் காய்ந்த இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டன. விரிந்த பக்கத்துப் படத்தில் கழுதை ஆற்றில் விழுந்து கிடந்தது, கடிதங்கள் மிதந்தன. இவள் வாயில் அது இன்னும் நாய்க்குப் பயந்து ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒட்டிக்கொண்ட தாள்களுக்குள் மறைந்திருந்த இரண்டு பக்கங்களையும் ஒரு சொல் பிசகாமல் வாசித்து முடித்துவிட்டு, ஆற்றுக்கு வந்து சேர்ந்தாள்.

"எப்படிம்மா வாசிச்சேன்?"

"ரொம்ப நல்லா வாசிச்சேடி" என்றேன். என் கையிலிருந்த பேனா மூடியை இரண்டு முறை கீழே போட்டேன்.

அவளுக்கு ஒன்பது வயது. ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக, எங்கு போனாலும் குத்திக்கொண்டு நிற்பதால் அவள் அப்பா வைத்த பெயர் குண்டூசி. சொந்தப் பெயர் மருத்துவர் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அன்று மதியம், அவள் அக்காவோடு சோறு தின்று முடித்த பிறகு, ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'நாற்காலிக்கு அடியில் பார். உனக்கு ஒன்று இருக்கிறது.' நாற்காலிக்கு அடியில் ஒரு சாக்லேட்டை வைத்தேன். தாளை அவளிடம் நீட்டினேன். ஓவியத்தைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேனா என்று தெரியவில்லை, சிரிக்கத்தான் முயன்றேன். அவளும் சிரித்தாள். "அழகா எழுதியிருக்கேம்மா. இதை நானே வச்சுக்கட்டுமா?" நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குதித்தபடி போய்விட்டாள். நான் குனிந்து சாக்லேட்டை எடுத்தேன். உருகத் தொடங்கியிருந்தது.

எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. மூத்தவளை ஒரு காலத்தில் அனுப்பினோம். இரண்டாம் வகுப்பில் தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பேச்சு திக்க ஆரம்பித்தது. ஒரு நாள் அவளுடைய நோட்டில், ஆசிரியை பென்சிலால் போட்ட தவறுக் குறிகளை எல்லாம் இவளே எச்சில் தொட்டு அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்ததைப் பார்த்தேன். மறுநாள் அனுப்பவில்லை. அச்சகத்தில் இருந்த முழுநேர வேலையை விட்டேன், வேலையை வீட்டுக்கு வாங்கிக்கொண்டேன், அவள் திக்கல் ஒரு வருடத்தில் போயிற்று. சின்னவளைப் பள்ளி வாசற்படிகூட மிதிக்க விடவில்லை. என் கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார், முப்பது வருடமாகப் பள்ளி ஆசிரியை. வரும்போதெல்லாம் "இதுங்க எதிர்காலத்துல விளையாடுறே" என்று ஆரம்பிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படி ஆரம்பித்தபோது, நான் குண்டூசியைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். ஏழு வயதுப் பெண் தடங்கல் இல்லாமல் ஒரு முழுப் பக்கத்தை வாசித்தாள். நாத்தனார் தண்ணீர் கேட்டாள். அந்த ஒரு பக்கத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

மூத்தவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயதுக்கு என்னைவிட அரை அங்குலம் உயரம்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. வாயில் கடித்திருந்த கிளிப்பை எடுத்து ஒரு சட்டையின் தோளில் மாட்டினாள்.

"ரெண்டு வருஷமா. நான் ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினா போதும்மா, அவளுக்கு அப்படியே நிக்கும். மூணாவது தடவை பக்கம் எங்க புரட்டணும்னு மட்டும் சொல்லிக் கொடுப்பேன்."

"அத்தை வந்தப்ப வாசிச்சது?"

"அதுதான் முதல்ல. விளையாட்டுக்குத்தான் பழகினோம். நீ திடீர்னு கூப்பிட்டே. நல்ல வேளை, அதே புத்தகத்தை எடுத்தே."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"அன்னிக்கு உன் முகம் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதும்மா. அவ பூரா நாளும் உன் முகத்தையே பார்த்துட்டிருந்தா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

கீழே தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள், அதன் பீப் பீப் சத்தம் நெடுநேரம் கேட்டது. அது நின்ற பிறகு, ஈரச் சட்டையை உதறியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு ஸ்கூலுக்குப் போகணும்மா. ஒரு வருஷமாவே ஆசை. நான் போயிட்டா இவளுக்கு யாரு வாசிச்சுக் காட்டுறது? ஒரே வாரத்துல மாட்டிப்பா. அதான் கேட்கல."

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாலையில் வந்ததும் அரை மணி நேரம் சோப்புத் தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவார், அப்படியும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. கழுவிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார்.

சனிக்கிழமைகளில் குண்டூசியைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போவார். அப்படிப் போன ஒரு நாள், மூன்றாவது மாடி லிஃப்ட் கதவில் 'ஆபத்து, ஏறாதீர்கள்' என்று எழுதி அட்டை மாட்டிவிட்டு மேலே போயிருக்கிறார். இவள் நேராக அந்தக் கதவுக்கே போய்ப் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். மின்சாரத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அட்டை கண்ணில் படவில்லையா என்று கேட்டதற்கு, "பட்டுச்சுப்பா, சிவப்பா அழகா இருந்துச்சு" என்றாளாம்.

"எப்ப நடந்துச்சு இது?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்."

"ஏழெட்டு மாசமா வாயில கொழுக்கட்டையா? மூணு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டிருக்கீங்க."

"முட்டாளாக்கலம்மா." குழாயை மூடினார். துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நீ வேலையை விட்டே, ஊர்ல எல்லார் வாயிலயும் விழுந்தே. இவ வாசிக்கிறப்ப மட்டும்தான் நீ நிம்மதியா உட்கார்ந்து பார்த்திருக்கேன். எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. தானா சரியாயிடும்னு தள்ளிப் போட்டேன். தப்புதான்."

தப்புதான் என்று அவர் ஒத்துக்கொண்டதும் எனக்குச் சண்டை போட எதுவும் மிஞ்சவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. தட்டுகளை எடுத்துவைத்தேன், சோறு போட்டேன். எங்கள் வீட்டில் பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது, பயம் என்பதே கிடையாது என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். சாதாரண முகம்தான். புருவங்களுக்கு நடுவில் ஒரு கோடு.

மறுநாள் காலை குண்டூசி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அக்கா சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரம் தட்டிப் பார்த்தேன். பிறகு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். உள்ளே அவளும் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் என்பது, அவள் நகத்தால் மரத்தைச் சுரண்டும் சத்தத்தில் தெரிந்தது.

"என்னை ஸ்கூலுக்கு அனுப்பப் போறியா?"

"தெரியலடி. இன்னும் யோசிக்கல."

"என் மேல கோபமா?"

"இல்ல."

"குரல் கோபமா இருக்கே."

"என் மேலதான் கோபம்."

சுரண்டல் நின்றது. "நான் முயற்சி பண்ணினேம்மா. நிஜமா. எழுத்துங்க ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது. அப்புறம், 'கே'ன்னு எழுதுறப்ப கொம்பு முன்னாடி நிக்குது இல்ல? ஆனா சொல்றப்ப 'க்' தானே முதல்ல வருது, 'ஏ' அப்புறம்தானே வருது? அப்ப ஏன் கொம்பை முன்னாடி போடுறாங்க? அக்காவைக் கேட்டா 'அப்படித்தான்'ங்கிறா."

பதினாறு வருடமாக எத்தனையோ லட்சம் கொம்புகளைக் கடந்து வந்தவள் நான். விட்டுப்போனவற்றைச் சேர்த்திருக்கிறேன், கூடுதலாக இருந்தவற்றை அடித்திருக்கிறேன். ஒரு நாளும் அவற்றைப் பார்த்து இப்படிக் கேட்டதில்லை.

"எனக்கும் தெரியலடி" என்றேன்.

"உனக்கே தெரியாதா?" அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. தாழ் திறந்தது.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்மணியை என் கணவர் விசாரித்துக் கண்டுபிடித்தார். நரைத்த கிராப்பும் பெரிய கைக்கடிகாரமுமாக இருந்த அந்த அம்மாள், குண்டூசியோடு இரண்டு மணி நேரம் அட்டைகளை வைத்து விளையாடினாள். பிறகு எங்களைக் கூப்பிட்டு, "கண்ணுல குறையில்ல, புத்தியிலயும் குறையில்ல. எழுத்தைச் சத்தமா மாத்துறதுக்கு மத்தவங்களுக்கு நேர் வழி இருக்கு, இவளுக்குச் சுத்து வழி. போய்ச் சேருவா. நாளாகும்" என்றாள். நான் நோட்டை எடுத்து, தினமும் எத்தனை மணி நேரம், எந்தப் புத்தகம் என்று குறித்துக்கொள்ளத் தயாரானேன். அவள் என் பேனாவைப் பார்த்தாள்.

"நீங்க வேண்டாம். அப்பா உட்காரட்டும். முதல் மூணு மாசம் நீங்க பக்கத்து அறையில இருங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் அவ உங்க முகத்தைத்தான் பார்க்கிறா. தாளைப் பார்க்க நேரமில்ல அவளுக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். "ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு வாத்தியார் வேலையைக் கொடுத்திருக்காங்க பாரேன்" என்று அவர் ஒரு முறை சிரித்துப் பார்த்தார்.

மூத்தவள் விஷயம்தான் எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சின்னவளுக்கு நான் போதவில்லை என்பதை ஒருவாறு விழுங்கிவிட்டேன். எல்லாம் நன்றாகப் படித்த பெரியவளுக்கும் நான் போதவில்லை என்பது தொண்டையிலேயே நின்றது. வயிற்றுவலியை நினைவுபடுத்தினேன். திக்கலை நினைவுபடுத்தினேன். அந்தக் கிழிந்த நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருந்தேன், அதைக்கூட எடுத்து வந்து காட்டினேன். அவள் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள், வேறு யாருடையதோ போல.

"அப்ப எனக்கு ஏழு வயசும்மா" என்றாள் மெதுவாக. "மறுபடியும் வலிச்சா வந்து சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

பள்ளியில் தலைமையாசிரியை அவளுக்கு ஒரு சின்னச் சோதனை வைத்தார். கணக்கில் எல்லாம் சரி, மற்றதில் பாதிக்கு மேல் சரி. இத்தனை வருடம் வீட்டில் படித்துவிட்டு இப்போது ஏன் வர விரும்புகிறாய் என்று கேட்டதற்கு, இவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "கேன்டீன் எப்படி இருக்கும்னு பார்க்கணும்" என்றாள். தலைமையாசிரியை சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தது.

முதல் நாள் அவளை விட்டுவிட்டு வர நானும் குண்டூசியும் போனோம். பள்ளி வாசலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. இவள் திரும்பிப் பார்ப்பாள், கையசைக்க வேண்டும் என்று கையைப் பாதி உயர்த்தி வைத்திருந்தேன். யாரோ ஒரு பெண் பையின் வாரைச் சுட்டிக்காட்டி இவளிடம் ஏதோ கேட்டாள், இவள் குனிந்து பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். உயர்த்திய கையால் முடியை ஒதுக்கிக்கொண்டேன்.

"அக்கா திரும்பியே பார்க்கலையே" என்றாள் குண்டூசி.

"ஆமா."

"அழப் போறியா?"

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்."

கடைத்தெரு இன்னும் முழுதாக விழித்திருக்கவில்லை. ஒருவர் வாசலைக் கழுவிவிட்ட தண்ணீர் நடைபாதை ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மூடிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் குண்டூசி என் கையை விட்டுவிட்டு நின்றாள். இரும்பு ஷட்டரின் மடிப்புகள் மேல் நீலப் பெயின்டில் 'பாத்திரங்கள் வாடகைக்கு' என்று எழுதியிருந்தது. வெயிலில் வெளுத்து, மடிப்புக்கு மடிப்பு உடைந்து நின்ற எழுத்துகள். அவள் கிட்டே போய் முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"பா" என்றாள். விரல் நகர்ந்தது. "பாத்... பாத்தி..."

நான் இரண்டடி பின்னால் நகர்ந்து, அவள் திரும்பினாலும் உடனே என் முகம் தெரியாத இடத்தில் நின்றுகொண்டேன். அடுத்த எழுத்து என் நாக்கின் நுனியில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். விரல் அந்த எழுத்தின் கோட்டில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கடைக்காரர் சாவிக்கொத்தோடு வந்து சேர்ந்தார். பூட்டுக்குக் குனியப் போனவர், இரும்பின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த அந்தச் சின்ன விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாவிகள் குலுங்காமல் உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேரமிருக்கிறவர்போலச் சுவரில் சாய்ந்து நின்றார்.