த்ராங்குக்குக் குரல் கொடுத்தவர்கள்

திரையில் நூறு பேர் நின்றால், அந்த நூறு பேருக்கும் குரல் கொடுப்பது நான்கே பேர்தான். வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் பேசவைக்கும் டப்பிங் ஸ்டுடியோவில் அவர்களுக்குக் ‘கூட்டம்’ என்றே பெயர். கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பவர் காரில் வந்து இறங்குவார். கூட்டம் பஸ்ஸில், கூட்டத்தோடு கூட்டமாகத் தொங்கிக்கொண்டு வந்து சேரும்.

கூட்டத்துக்குத் தலைவி அண்ணி. கூட்டத்தில் இன்னொருத்தியான மைனாவின் கணவனுக்கு அக்கா. மைனா கூப்பிடுவதைக் கேட்டு எல்லோருமே அவளை அண்ணி என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். அடுத்தது ரேடியோ. நிறுத்தவே தெரியாமல் பேசுகிற பெரியவர். அதற்கடுத்து டீச்சர், வகுப்பில் கத்திக் கத்தியே உரமேறிய தொண்டை. நாலாவது ஆள் மைனா. கார்ட்டூன்களில் குருவி முதல் குறும்புக்காரப் பையன் வரை பேசியவள். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர்.

போன வருடம் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. மிஞ்சியது வெறும் காற்று. கார்ட்டூன் கம்பெனிகள் ஒருமுறை நலம் விசாரித்துவிட்டு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"நீ வந்து நில்லு. வாய மட்டும் அசை. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"தெரிஞ்சுட்டா?" என்றாள் மைனா, காற்றுக் குரலில்.

"கூட்டத்துல யாரு கத்தினா, யாரு கத்தலன்னு எவன் பாக்கப் போறான்?"

அண்ணி சொன்னபடியே நடந்தது. நான்கு பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று கத்துவார்கள். மைனா வாயசைப்பாள். அவள் பங்கையும் சேர்த்து மற்ற மூவரும் தொண்டை கிழியக் கத்தி ஈடுகட்டுவார்கள். அது தில்லுமுல்லுதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் மைக் முன்னால் நிற்கிற அந்த நேரத்தில்தான் மைனாவுக்குத் தான் ஓர் ஆள் என்ற நினைப்பே வந்தது. அதுவும் போய்விட்டால் மறுபடி சுவர்தான்.

அன்றைக்குப் புதிதாக ஒரு சவுண்ட் இன்ஜினியர் வந்திருந்தார். திரையில் ஒரு துறைமுகம். புயலில் சிக்கிய கப்பல் திரும்பி வரப்போகிறது. பயணிகளின் சொந்தபந்தமெல்லாம் இரும்புக் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அண்ணி கையைத் தூக்கினாள். கூட்டம் வழக்கம்போல ஓவென்று கிளம்பியது.

இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார். "என்னங்க, கப்பல எரிக்கப் போறீங்களா?"

"கூட்டம்தான தம்பி?" என்றாள் அண்ணி.

"கூட்டம்தான். ஆனா ஸ்கிரிப்ட்ல மாப்னு போடலக்கா, த்ராங்னு போட்டிருக்கு."

"இங்கிலீஷ்காரன் கூட்டத்துக்குக்கூட ஜாதகம் எழுதி வெச்சிருக்கான் போல," என்றார் ரேடியோ.

டீச்சருக்குப் பழைய பழக்கம் விடவில்லை. "ரெண்டையும் எங்கெங்க சொல்லணும்னு சொல்லுங்க."

"துணிக்கடையில தள்ளுபடின்னா வாசல்ல முட்டி மோதிக்கிட்டு நிக்கறாங்க பாருங்க, அது த்ராங். கதவத் தொறக்கலன்னு கண்ணாடிய ஒடச்சா அது மாப். மாப்புக்குக் கோவம் வேணும். த்ராங்குக்கு நெருக்கம் போதும்."

"எள்ளு போட்டா எள்ளு விழாதுன்னு சொல்லுவோமே, அதா?" என்றாள் அண்ணி.

"அதேதான். அதனால கத்த வேண்டாம். ஒவ்வொருத்தரா உள்ள வந்து, மைக்க ஒட்டி நின்னு பேசுங்க. நீங்க யாருக்குக் காத்திருப்பீங்களோ அவங்கள நெனச்சுக்கங்க. நான் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கறேன்."

ஒவ்வொருவராக. மைனா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அண்ணி சட்டென்று முன்னால் வந்தாள். "இவளுக்கு ஜலதோஷம். இவள விட்ருங்க."

"ஜலதோஷக்காரங்களும் கப்பலுக்குக் காத்திருப்பாங்கக்கா," என்றார் இன்ஜினியர்.

முதலில் டீச்சர் போனாள், பிறகு ரேடியோ, பிறகு அண்ணி. கனத்த கதவு, உள்ளே பேசுவது வராந்தாவில் ஒரு துளி கேட்காது. அண்ணி வெளியே வந்ததும் மைனா அவள் கையைப் பிடித்தாள். "நான் வீட்டுக்குப் போயிடறேன் அண்ணி."

"போனா என் தம்பிக்கு யாரு பதில் சொல்றது? உள்ள போடி."

உள்ளே, திரையில் ஒரு பெண் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். மைனாவுக்குக் கப்பலில் வர யாருமில்லை. கணவனும் பிள்ளைகளும் நல்லபடியாக வீட்டில் இருக்கிறார்கள். அவள் காத்திருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். போன குரலை நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"வந்துருவியா?"

இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். "தொண்டைக்கு என்னங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொன்னாள், இத்தனை நாள் வெறுமனே வாயசைத்தது உட்பட. "நாளையிலேர்ந்து வரல சார்," என்றும் சொல்லிவிட்டாள்.

"நீங்க வரலன்னா நான் எங்க போவேன்?" என்றார் அவர். "அவங்க மூணு பேரும் மெதுவாப் பேசினாலும் சத்தத்த அடக்கிப் பேசறது தெரியுது. உங்களுது நெரிசலுக்கு நடுவுல நிக்கறவங்களோட மூச்சு. மாப்னு வந்தா நீங்க சும்மா நில்லுங்க. த்ராங்னு வந்தா நீங்கதான் பேசணும். எங்க, இன்னொரு தடவ."

மைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். அதற்கப்புறமும் கேட்டாள்.

எல்லாம் முடிந்ததும் இன்ஜினியர் நால்வரையும் உள்ளே அழைத்து, அடுக்கியதைப் போட்டுக் காட்டினார். துறைமுகம் நிறைந்துவிட்டது. முணுமுணுப்பு, பெருமூச்சு, நடுவில் மைனாவின் "வந்துருவியா". அதைச் சுற்றி என்னவோ கேட்டது. மைனா காதைத் தீட்டிக்கொண்டாள். "இங்கதான் நிக்கறோம் மைனா," என்றது ரேடியோவின் குரல். "மெதுவா வா மைனா, அவசரமில்ல," என்றாள் டீச்சர். எல்லாவற்றுக்கும் அடியில், அதட்டலைத் தவிர வேறெதுவும் வராத அண்ணியின் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. "வந்துரு மைனா. வந்துரும்மா."

"அந்தக் கப்பல்ல மைனான்னு யாரும் கெடையாதே," என்றார் இன்ஜினியர். "யாருங்க அது?"

அண்ணி எங்கேயோ பார்த்தபடி சொன்னாள்: "எங்க வீட்டு ஆளு. வர்ற வழியில இருக்கா."

இத்தனை நாள் தன்னைப் பாவம் பார்த்து நிற்கவைத்திருக்கிறார்கள் என்றுதான் மைனா நினைத்திருந்தாள். இவர்கள் காத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்கள். இப்படிக் காத்திருக்க இவர்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அண்ணியின் தோளை ஒட்டி நின்று, இருக்கிற காற்றில் சொன்னாள்: "வந்துட்டேன் அண்ணி."

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஜலதோஷம் பிடித்துவிட்டதாம்.

"சரி, அந்தப் பேர மட்டும் வெட்டிரட்டுமா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

கூடாது என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் போட்ட சத்தத்தில் மைக் ஸ்டாண்ட் அதிர்ந்தது. அது த்ராங் இல்லை. சந்தேகமே வேண்டாம், மாப்.