வாய் மூடிய சனிக்கிழமை

எங்கள் மகள் கம்சாயினிக்கு அமெரிக்காவில் நான்கு நட்சத்திரம். நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காற்பந்தாட்டத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கிற இணையதளம் ஒன்று அங்கே இருக்கிறது, அது சொல்கிறது. ஹோட்டலுக்குப் போடுகிற மாதிரிப் பிள்ளைகளுக்கும் நட்சத்திரம் போடுகிறார்கள். முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் ஐந்து போடவில்லை?

அவள் கோல் கீப்பர். வயது பதினேழு. நாங்கள் இருக்கிற ஒக்லாந்தில் தன் பள்ளிக்கூட அணிக்கு விளையாடுகிறாள். அமெரிக்காவில், ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகம் இரண்டு வருடமாக அவளைக் கவனித்துக்கொண்டிருந்தது. அங்கே பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பவர் மெக்கென்னா என்ற பெண்மணி. எங்கள் ஆட்டத்தின் வீடியோ ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு நாலு வரி எழுதி அனுப்புவார். எடுபட்டால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் கோல் கீப்பருக்கு ஓரிடம்தான் இருந்தது. கனடாவில் இன்னொரு பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை மாதம், எங்கள் பக்கத்தில் நல்ல குளிர்காலம், ஒருநாள் மெக்கென்னா வீடியோ அழைப்பில் வந்தார். கை நல்லது, கால் நல்லது, பாய்ச்சல் நல்லது என்று புகழ்ந்தார். பிறகு ஒரே ஒரு சந்தேகம் என்றார். கோல் கீப்பர் என்றால் பின்னால் நின்று முழு அணியையும் கதைத்து நடத்த வேண்டுமாம். "எல்லா வீடியோவிலும் ஒரு குரல் கேட்கிறது. ஆனால் அது ஓர் ஆணின் குரல். உன் குரலை நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. யார் அவர்?"

கம்சாயினி மடிக்கணினியைக் கொஞ்சம் திருப்பினாள். சோபாவில் சறம் கட்டிக்கொண்டு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நான் திரையில் தெரிந்தேன். "ஹலோ," என்றேன். வேறு என்ன சொல்வது?

என்மேல் பிழை சொல்ல முதல் நீங்கள் என் நிலைமையையும் பார்க்க வேண்டும். எல்லர்ஸ்லியில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் கணினிக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறவன். சனிக்கிழமை காலமை கோலுக்குப் பின்னால் போய் நின்றால்தான் எனக்கு வாய் திறக்கும். கிழமை முழுக்க அடக்கி வைத்தது எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

கம்சாயினி ஏழு வயதில் பந்து விளையாடத் தொடங்கினாள். ஓடுவதென்றால் அவளுக்கு வேப்பங்காய். அதனால்தான் கோலில் நிறுத்தினார்கள். கையுறை முழங்கை வரைக்கும் வரும். பந்து ஒரு பக்கம் போகும், பிள்ளை புல் பிடுங்கிக்கொண்டிருக்கும். "கம்சா, பந்து வருது, பந்தைப் பார்" என்று நான் கத்தினேன். திடுக்கிட்டு நிமிர்ந்தாள், பந்து வந்து வயிற்றில் பட்டது, கோல் விழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு.

அன்றைக்கே பக்கத்தில் நின்று இன்னொருவன் கத்தினான். "ஏய் சிந்து, தூங்குறியா? அவள விடாத." தமிழ்ச் சத்தம் கேட்டு நான் திரும்ப, அவனும் திரும்பினான். மாரிசாமி, ஊர் திருமங்கலம், மனுகாவில் ஐ.டி. வேலை. அவன் மகள் சிந்து தடுப்பாட்டக்காரி, கம்சாயினிக்கு நேர் முன்னால் நிற்பாள். அன்று தொடக்கம் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே அணி, அப்பாமார் இரண்டு பேரும் ஒரே கோலுக்குப் பின்னால்.

எங்கள் தமிழ் அந்த அணிக்குப் பெரிய ஆயுதமாக இருந்தது. "பின்னால ஒருத்தி வாறாள்" என்று நான் சொன்னால் எதிரணிக்கு என்ன விளங்கும்? கம்சாயினிக்கும் சிந்துவுக்கும் மட்டும்தான் விளங்கும். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளைகள், மைதானத்தில் ஒரு சொல் தவறவிடமாட்டார்கள். ஒருமுறை நடுவர் வந்து என்ன கத்துகிறீர்கள் என்று கேட்டதற்கு மாரிசாமி முகத்தில் சிரிப்பே இல்லாமல், பிரார்த்தனை செய்கிறோம் என்றான். அந்த மனுசனும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அரைநேரத்துக்குப் பெற்றோர் முறைவைத்துத் தோடம்பழம், மாரிசாமியின் தமிழில் ஆரஞ்சு, வெட்டிக்கொண்டு வருவோம். மாரிசாமியின் முறை வந்தபோது மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக்கொண்டு வந்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூக்கால் கண்ணால் தண்ணீர் ஓட ஓடத் தின்று, இன்னும் கேட்டார்கள். மழை பெய்தாலும் குடைக்குள் நின்றோம். ஆட்டம் முடிய, சேறு பூசிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சான்ட்ரிங்ஹாம் தோசைக் கடைக்குப் போவோம். சம்பலா சட்னியா என்று நானும் மாரிசாமியும் சண்டை பிடிக்க, பிள்ளைகள் மேசைக்குக் கீழே காலுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கள் தோசையையும் சேர்த்துத் தின்பார்கள். எவ்வளவு சந்தோசமாக இருந்தோம். அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றையாவது யாராவது திருப்பித் தருவார்கள் என்றால் நான் எதையும் கொடுப்பேன்.

அந்த ஜூலை அழைப்பில் மெக்கென்னா முடிவாகச் சொன்னது இதுதான். வருகிற சனிக்கிழமை ஆட்டத்தை முழுதாக, சத்தத்தோடு அனுப்ப வேண்டும். அதில் கம்சாயினி தன் அணியைத் தானே நடத்துகிறாளா என்று பார்ப்பார். அதற்குப் பிறகு அவளா கனடாப் பிள்ளையா என்று தீர்மானிப்பார்.

அழைப்பு முடிந்ததும் கம்சாயினி என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, ப்ளீஸ். ஒரு சத்தமும் வேண்டாம்."

"நான் கத்தமாட்டன்."

"ப்ராமிஸ்?"

"ஓம், சொல்லிப்போட்டன்தானே."

குசினிக்குள் இருந்து என் மனுசி பத்மா குரல் கொடுத்தாள். "உங்கட அப்பாவோ? அவருக்கு நித்திரையிலயே வாய் சும்மா இராது."

சனிக்கிழமை காலமை குளிர் எலும்புக்குள் போனது. மாரிசாமி கோலுக்குப் பின்னால் கேமராவை நிறுத்திவிட்டு, ஒரு பை முறுக்கை என் கையில் திணித்தான். "வாயில போட்டுக்கிட்டே இருங்கண்ணா. நானும் அதான் பண்ணப்போறேன்."

ஆட்டம் தொடங்கியது. எங்கள் இரண்டு பேரின் சத்தம் இல்லாமல் அந்த இடமே செத்த வீடு மாதிரி இருந்தது. சிந்து அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். கம்சாயினி வாயைத் திறப்பாள், மூடுவாள். யார் எங்கே நிற்பது என்று தெரியாமல் எங்கள் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் முட்டினார்கள். எதிரணியின் ஒன்பதாம் இலக்கக்காரி சிந்துவின் முதுகுக்குப் பின்னால் மெல்ல நழுவுவது எனக்குத் தெரிந்தது. பின்னால, பின்னால என்ற சொல் என் பல்லு வரைக்கும் வந்துவிட்டது. முறுக்கோடு சேர்த்து நாக்கையும் கடித்தேன். பந்து வலைக்குள் போனது.

சேற்றில் கிடந்து எழும்பிய கம்சாயினி பந்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஏழு வயதில் பார்த்த அதே பார்வை, ஆனால் சிரிப்பு இல்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"பாக்காதீங்கண்ணா," என்றான் மாரிசாமி மெதுவாக. "பாத்தா வாய் வந்துரும்."

நான் திரும்பி நின்று கார்களைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இப்போது நான் ஒரு தரம், ஒரே ஒரு தரம் கத்தினால் போதும். மெக்கென்னா கனடாப் பிள்ளையை எடுப்பார். என் பிள்ளை ஒக்லாந்திலேயே படிப்பாள். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள். சனிக்கிழமைகள் அப்படியே இருக்கும். யாரும் என்னைக் குறை சொல்லவும் மாட்டார்கள், என் வாயைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியுமே. அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. அரைநேரம் வரைக்கும், தோடம்பழம் தின்னும்போதும், கூடவே நின்றது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அதே ஒன்பதாம் இலக்கக்காரி திரும்பவும் நழுவினாள். நான் இன்னொரு முறுக்கை வாய்க்குள் திணித்தேன்.

"சிந்து. லெஃப்ட்."

சின்னக் குரல். சிந்துவுக்குக்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை. கம்சாயினி இன்னொரு தரம் சொன்னாள், இந்த முறை கத்தி. "சிந்து, லெஃப்ட்! லெஃப்ட்!" சிந்து பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வாய் மூடவில்லை. முன்னுக்குப் போ, பின்னுக்கு வா, அவளை நீ பார், இவளை நான் பார்க்கிறேன் என்று ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாம் ஆங்கிலத்தில். நான் ஒருநாளும் சொல்லாத சொற்கள், எனக்குப் பாதி விளங்கவும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் நின்ற பெற்றோர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாங்களும் ஒரு கோல் போட்டோம். கடைசி நிமிடத்தில் வந்த கோர்னர் பந்துக்கு, இது என் பந்து என்று கத்திக்கொண்டு, எல்லோருக்கும் மேலால் எழும்பிப் பிடித்தாள். ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது.

மாரிசாமி கேமராவை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்தான். "என்னண்ணா, அழுறீங்களா?"

"முறுக்கு உறைப்பு," என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. அதுல காரமே இல்ல."

பெருமையில் நெஞ்சு வெடிக்கும் போல இருந்தது, கவலையிலும் அப்படித்தான். பத்து வருடமாக நான் செய்துகொண்டிருந்த வேலையை அவள் ஒரு பாதி ஆட்டத்தில் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள், என்னைவிட நன்றாகவும் செய்தாள்.

அன்று பின்னேரமே மாரிசாமி வீடியோவை அனுப்பினான். ஞாயிறு காலமை எழும்பியபோது கம்சாயினிக்குத் தொண்டை முற்றாக அடைத்துவிட்டது. காற்றுத்தான் வந்தது, சத்தம் இல்லை. பத்மா கொத்தமல்லித் தண்ணி அவித்துக் கொடுக்க, பிள்ளை போர்வைக்குள் இருந்து குடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மெக்கென்னா கூப்பிட்டார்.

வீடியோவை இரண்டு தரம் பார்த்தாராம். முதல் பாதியில் நம்பிக்கை விட்டுவிட்டாராம். இரண்டாம் பாதி முடிய, கனடாப் பிள்ளைக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதிவிட்டாராம். "அந்த இடம் உனக்குத்தான். அடுத்த வருடம் ஓகஸ்டில் தொடக்கம். வருகிறாயா?"

கம்சாயினி வாயைத் திறந்தாள். காற்று வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். மெக்கென்னா விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு கோல் கீப்பர் இதைவிட நல்ல பதில் தர முடியாது, ஆனாலும் யாராவது வாயால் சொன்னால்தான் தான் மேற்கொண்டு வேலை தொடங்கலாம் என்றார்.

கம்சாயினி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். கண் நிறையத் தண்ணீர். தலையை ஆட்டி ஆட்டி என்னைப் பார்த்தாள், சொல்லுங்கோ அப்பா என்று.

நேற்று முழுக்க வாய் திறக்கக்கூடாது என்று நின்றவன் நான். இன்றைக்கு அவளுக்காக வாய் திறக்க வேண்டும், அதுவும் அவளை அனுப்புவதற்கு. பத்மா குசினி வாசலில் கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

"ஓம்," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அமெரிக்கக்காரிக்கு எங்கே விளங்கப்போகிறது? காதைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து, மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

ஒரு தரம் சொல்வதற்கே என் உயிர் போய் வந்தது. நான் எழும்பி நின்றேன். மகளைப் பார்த்துக்கொண்டே, அவள் வருவாள் என்று இரண்டாம் தரமும் சொன்னேன், இந்த முறை ஆங்கிலத்தில், சத்தமாக.